முழங்கால் திருத்தம்

ஊரில் பாதிப் பேரின் செயற்கை முழங்காலை இயக்கும் பொது மென்பொருளுக்கு அம்பலவாணன்தான் பொறுப்பாளர். அவர் சரி என்று சொல்லாமல் ஒரு வரியும் அதில் நுழையாது. முழங்கால் திடீரென்று இறுகிப்போகும் கோளாறுக்கு மருமகள் நறுமுகை எழுதிய திருத்தத்தை அவர் இரண்டு மாதமாக நிறுத்தி வைத்திருந்தார். திருத்தியவர் பெயருக்கு முன்னால் அவள் பிறந்த வீட்டு இனிஷியல் இருந்தது. குடும்ப கௌரவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

பேத்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்துக்குள் நுழைந்தபோது நாற்காலியிலிருந்து அம்பலவாணனால் எழ முடியவில்லை. அவருடைய செயற்கை முழங்காலும் மடங்கியபடியே இறுகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா உட்காராமல் விறைத்து நின்றார், முகம் கறுத்திருந்தது.

"மாமா, என் திருத்தத்துக்குச் சரின்னு சொல்லிருங்க. மரியாதை தெரியாத குடும்பம்னு திரும்பிப் போயிரப் போறாங்க," என்று நறுமுகை காதருகே கிசுகிசுத்தாள்.

"இனிஷியலை மாத்திட்டியா?"

"மாத்த மாட்டேன்."

பேத்தியின் கண் கலங்குவதைப் பார்த்தார். "சரி," என்று கைபேசியிடம் முனகினார். கால் இளகியது. எழுந்து கும்பிட்டார்.

அதே நொடியில் மாப்பிள்ளையின் அப்பா பெருமூச்சோடு நாற்காலியில் சாய்ந்தார். "அப்பாடா. காலையிலேருந்து முட்டி மடங்கவே இல்லைங்க. திருத்தம் எழுதி ரெண்டு மாசமாச்சாம். அதை விடாம பிடிச்சு வெச்சிருந்த மடையன் எவனோ."

அம்பலவாணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "காபி ஆறிடும், எடுத்துக்குங்க சம்பந்தி," என்றார்.