மனித வாசகர்: 1

செலவைக் குறைக்க, எங்கள் பல்கலைக்கழக நூலகம் சந்தா கட்டும் ஆய்விதழ்களில் இருபத்து மூன்றை நிறுத்தியாகிவிட்டது. இருபத்து நான்காவதில் கூட்டம் நின்றது.

தசைகளை மெல்லத் தின்னும் ஓர் அபூர்வ நோய்க்கென்றே வரும் சின்ன இதழ் அது.

மேசையின் தலைப்பக்கம் எங்கள் நூலக இயக்குநர் கார்டன் ஆசென். பனியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி இரண்டு மாதமாக வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் டுலூத் நகரத்துக் குளிர்காலத்தில் வழுக்காதவர் யார்.

எந்த இதழை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்வது என் வேலை. முன்பு அது எளிது. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகள் அனுப்பும் இயந்திரங்கள் வந்து விழுந்து விழுந்து படிக்கின்றன. ஏரி மீன்கள் பற்றிய ஓர் இதழுக்குப் போன மாதம் மட்டும் நாற்பதாயிரம் வாசகர்கள். எங்கள் ஊர் ஜனத்தொகையில் பாதி.

அதனால் இயந்திரங்களைச் சலித்துத் தள்ள ஒரு மென்பொருள் வைத்திருக்கிறோம். மிஞ்சுகிறவர்தான் மனிதர்.

இந்த இதழில் யாரும் மிஞ்சவில்லை. இருந்த ஒரே வாசகரையும் மென்பொருள் இயந்திரம் என்று தள்ளிவிட்டது. அந்த வாசகர் வருவது வாராவாரம் புதன்கிழமை, நாலு பத்துக்கு, கீழ்த்தளத்து ஆறாம் கணினியில். அங்கே பெயர் கொடுக்காமல் யாரும் உட்காரலாம்.

“மனுஷன் எவன் இப்படி மணியடிச்ச மாதிரி வருவான்? நம்ம பேராசிரியருங்க கூட்டத்துக்கே நேரத்துக்கு வர்றதில்ல,” என்றாள் என் சக நூலகர் தெரசா. எல்லோரும் சிரித்தார்கள்.

“மெஷின்தான். எடுத்துடுங்க,” என்றார் கார்டன். ஒவ்வோர் இதழுக்கும் மல்லுக்கட்டுகிறவர், இதற்கு மட்டும் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இயந்திரம் இல்லை என்று எனக்குத் தெரியும். பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, பிரிண்டருக்குத் தாள் வைக்கப் போனபோது ஆறாம் கணினியில் இருந்தவரைப் பார்த்தேன். தாளை வைக்காமலே திரும்பிவிட்டேன்.

இதழ் நின்றால், அந்த நோய்க்கு எந்த மருந்து சோதனையில் இருக்கிறது என்று அறிய அந்த வாசகருக்கு இங்கே வேறு வழியில்லை. மனிதர்தான் என்று நான் நிரூபிக்கப் போனால், யார் என்று சொல்ல வேண்டிவரும். யார் எதைப் படிக்கிறார் என்று வெளியே சொல்வது எங்கள் நூலகத் தொழிலில் கொலைக்கு அடுத்த பாவம்.



“அது நான்தான்,” என்றேன். “காபி நேரத்துல போய்ப் படிப்பேன்.”

“உனக்கு எதுக்கு மார்லீன் இந்த வியாதிப் படிப்பெல்லாம்?”

“யார் எதைப் படிக்கிறாங்கன்னு கேக்குற வழக்கம் இந்த நூலகத்துல எப்ப வந்துச்சு, தெரசா?”

தெரசாவின் காது சிவந்துவிட்டது. மனித வாசகர் என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன்.

கார்டன் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, இதழைத் தொடரலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் நாலு மணிக்கு முடிந்தது. அன்றைக்கும் புதன்கிழமைதான்.

கீழே வந்து என் நாற்காலியை, ஆறாம் கணினிக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

நாலு பத்துக்கு, ஒரு கால் இழுபடும் சத்தம் என் பின்னால் வந்தது. சற்று நின்றது. பிறகு ஆறாம் கணினியை நோக்கிப் போனது.