இடுப்புப் பட்டை

பிசியோதெரபி அறையில், ரப்பர் விரிப்பின் நடுவில் அந்தப் பழைய பஸ் கண்டக்டர் நிற்கிறார். பக்கவாதம் வந்து இரண்டு மாதம். விழாமல் பிடித்துக்கொள்ள இடுப்பில் ஒரு பட்டை. அடுத்து என் முறை என்பதால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிலை தடுமாறாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்க, பின்னாலிருந்து தோளைப் பிடித்துச் சட்டென்று இழுப்பார்கள். காலைப் பின்னால் வைத்துச் சமாளிக்க வேண்டும். அவருக்கு வரவில்லை என்பது முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் பயிற்சிக்கு வந்திருக்கும் தெரபி மாணவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரும் இழுத்துப் பழக வேண்டுமாம். ஒவ்வொரு தடவையும் கழற்றி நிறுத்திய கதவு மாதிரி விறைத்தபடியே சாய்கிறார். "பாத்தீங்களா, காலையே எடுக்க மாட்டாரு. நல்ல கேஸ்," என்கிறாள் தெரபிஸ்ட், புடவையை விரித்துக் காட்டுகிற கடைக்காரக் குரலில். "ஓடுற பஸ்ல கம்பியப் பிடிக்காம முப்பது வருஷம் நின்னவன்மா நான். ஒரு விசில் குடுத்துட்டு இழுங்களேன்," என்கிறார் கோணிய வாயால். "சொல்லிட்டு இழுத்தா அது டெஸ்ட் இல்ல தாத்தா." எல்லோரும் சிரிக்கிறார்கள்.

ஏழாவது இழுப்பில் அவருடைய பேண்ட் நனைகிறது. மூக்கைச் சுளித்துக்கொண்டே ஒருத்தி எட்டாவதையும் இழுக்கிறாள். சற்று முன் அந்த விசில் பேச்சுக்கு நானும்தான் சிரித்தேன். தெரபிஸ்ட் விரிப்பில் ஒரு காகிதத்தைப் போட்டுச் செருப்புக் காலால் தேய்க்கிறாள். அவருடைய பட்டையைக் கழற்றி என் இடுப்பில் மாட்டுகிறாள். அது இன்னும் ஈரமாக, வெதுவெதுப்பாக இருக்கிறது. என் முதுகுக்குப் பின்னால் எட்டுப் பேரும் வரிசைக்கு வருகிறார்கள். விசில் வருமா என்று என் காது காத்திருக்கிறது.