சூரியன் இல்லாத மூன்று நாள்

"இதை வகுப்புல கொடுத்தது நீங்கதானே, சிஸ்டர் மார்லா?" கல்லூரித் தலைவர் ஹார்லன் ஒரு தாளை ஆட்டினார்.

"ஆமா, பிரதர்."

ஹார்லன் உரக்கப் படித்தார். "சூரியனைப் படைச்சதே நாலாம் நாள். அதுக்கு முந்தின மூணு நாளும் எப்படி விடிஞ்சுது, எப்படி இருட்டுச்சு? வார்த்தையைப் பிடிச்சுத் தொங்காதே, உள்ளே இருக்கிற பொருளைத் தேடு."

கென்டக்கியின் அந்தப் பைபிள் கல்லூரியில் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும்: பைபிள் சொல்லும் உலகப் படைப்பு ஆறே நாளில் முடிந்தது, ஒவ்வொரு நாளும் இருபத்து நான்கு மணி நேரம். மார்லா பதினோரு ஆண்டுகளாகப் போட்டு வருகிறாள். வீட்டுக்கு அவள் சம்பளம் ஒன்றுதான்.

மதிய உணவோடு விசாரிக்க உட்கார்ந்திருந்த கல்லூரி நிர்வாகக் குழு உறுப்பினர் வெர்னன் கோழிக்காலைக் கடித்தபடி சொன்னார். "விஞ்ஞானம் தலைக்கேறின இந்தக் காலத்துப் பய எவனோ எழுதியிருக்கான். கர்த்தருக்காக ஒரு கொசுக்கடியாவது பட்டிருப்பானா?"

"உயிரையே விட்டார், பிரதர். ஏசுவை மறுதலிக்க மாட்டேன்னு சொன்னதுக்கு எகிப்துல சிறையில வெச்சுக் கொன்னாங்க. ஆயிரத்து எழுநூறு வருஷம் ஆச்சு." மார்லா சுவரைக் காட்டினாள். "உங்க தலைக்கு மேல இருக்கிறது அவர் படம்தான். போன ஈஸ்டருக்கு நீங்கதான் திறந்து வெச்சீங்க."

வெர்னன் கோழிக்காலைக் கீழே வைத்தார்.

"அவர் செத்த விதத்துக்காக மாட்டினது, சிஸ்டர். எழுதினதை யாரு படிச்சா?" என்றார் ஹார்லன்.

"அப்போ படத்தைக் கழட்டிடலாமா?" என்று வெர்னன் கேட்டார்.

"எதுக்கு? அவரு உறுதிமொழியில கையெழுத்தே போடலையே. போட்டுட்டு மீறினது சிஸ்டர்தான்."