எந்த நாட்டுக் கவிதை

மாடிப்படி ஏறும்போதே உமேஷ் ஒரு பிளாஸ்டிக் பையைத் தபீதாளின் தோள்பைக்குள் திணித்தான்.

"உங்க டப்பாக்கா. காய்ச்சல்ல கெடந்தவனுக்கு ரசம் குடுத்தீங்களே, அது. திருப்பித் தரலைன்னா ஜெபத்துல என் பேரைச் சொல்லி டப்பா கேப்பீங்க."

"கேட்டாலும் கேப்பேன்" என்றாள் தபீதாள்.

வெளியே வானம் நாலு மணிக்கே இருட்டியிருந்தது.

அஸ்தினாபுரத்தில், மிருதுளா வீட்டு மாடி அறையில், சனிக்கிழமைதோறும் அவர்கள் நான்கு பேரும் கூடுவார்கள். ஆளுக்கொரு அயல்நாட்டுக் கவிதையைத் தமிழாக்கித் தட்டச்சு செய்து, கவிஞர் பெயரும் நாடும் இல்லாமல் பிஸ்கட் டின்னில் போட வேண்டும். அதிலிருந்து இரண்டை எடுத்து ஒப்பிட்டுப் பேசுவார்கள். பேசி முடித்த பிறகுதான் கொண்டுவந்தவர் நாட்டைச் சொல்லலாம். அதுவரை முகத்தில்கூடக் காட்டக் கூடாது.

முதலில் வந்த கவிதையில் ஒரு மீனவன், பனி உறைந்த கரையில் தன் படகைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

இரண்டாவதை மிருதுளா வாசித்தாள்.

இரவல் வாங்கிய பாத்திரங்களை எல்லாம்
கழுவித் துடைத்துத் திருப்பிவிட்டேன்.
எதையும் வெறுமையாய்த் தரவில்லை,
ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சர்க்கரை.
இனி என் வீட்டுக் கதவை
யாரும் எதற்கும் தட்ட வேண்டியதில்லை.

"பிரமாதம்" என்றாள் மிருதுளா. "ரெண்டுமே விடைபெறுறதுதான். ஆனா அவன் படகைக் கவிழ்க்கிறான், இவ பாத்திரத்தை நிரப்புறா. அழுகையே இல்ல பாருங்க. குளிர் நாட்டுக்காரங்களாலதான் இப்படி எழுத முடியும்."

"நார்வேன்னு போடுங்க" என்றான் உமேஷ். "அங்கதான் பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டவே மாட்டான். நம்ம ஊர்ல செத்தாலும் சந்தாக் கேட்டுத் தட்டுவானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்ரீநிவாசராகவன் மட்டும் சிரிக்கவில்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தபீதாள் அந்தத் தாளை வாங்கி மறுபடியும் படித்தாள்.

வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று நார்வேயில் யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

இது மொழிபெயர்ப்பு இல்லை. இந்தத் தெருக்களில் யாரோ எழுதியது. எழுதியவர் இந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். விடைபெறுவதும் அவர்தான்.

போன வாரம் ஸ்ரீநிவாசராகவன் மிருதுளாவின் தூக்குவாளியைத் திருப்பித் தந்தது தபீதாளின் நினைவுக்கு வந்தது. உள்ளே கற்கண்டு இருந்தது.

"இதைக் கொண்டுவந்தது யாரு?" என்று மிருதுளா கேட்டாள்.

யாரும் கை தூக்கவில்லை.

"பேய் கொண்டாந்து போட்டிருக்கும்" என்றான் உமேஷ். வேலை போன செய்தியையும் அவன் இப்படித்தான் சொன்னான், அன்றும் எல்லோரும் சிரித்தார்கள். "மழை வருது, முடிச்சூர்ல தண்ணி ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போறேன். வரட்டுமாக்கா?" ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

தபீதாள் ஸ்ரீநிவாசராகவனுக்காகக் காத்திருந்தாள். மனசுக்குள் ஒரு சிறிய ஜெபம் சொன்னாள். பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"சார், எனக்குத் துணையா வீடு வரைக்கும் வாங்களேன். தோசை மாவு இருக்கு, சாப்பிட்டுப் போகலாம்."

அவர் உடனே எழுந்தார்.

தெருவிளக்கு எரியவில்லை. தூறலில் இருவரும் ஒரு குடையில் நடந்தார்கள். எதைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தோசை வார்த்துக் கொடுப்போம், கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருப்போம், மீதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தாள்.

வீட்டு வாசலில் அவர் நின்றார்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்கோ. அந்தக் கவிதை... நீங்க தனியா இருக்கேள். மனசுல என்ன பாரம் இருந்தாலும் எங்கிட்டச் சொல்லலாம். அதுக்குத்தான் கூட வந்தேன்."

அவள் அவரையே பார்த்தாள்.

"நான் எழுதல சார். நீங்கன்னு நினைச்சுத்தான் கூப்பிட்டேன்."

"நானா? எனக்கெங்கேம்மா கவிதை வரும்?"

"அந்தக் கற்கண்டு?"

"அது என் ஆத்துக்காரியோட பழக்கம். விட மனசில்லை."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அவள் சாவிக்காகப் பைக்குள் கைவிட்டாள். விரல்களில் ஏதோ நறநறவென்று ஒட்டியது.

பிளாஸ்டிக் பையை வெளியே எடுத்தாள். டப்பாவின் மூடி திறந்திருந்தது.

உள்ளே சர்க்கரை. "உமேஷ் திருப்பிக் குடுத்த டப்பா சார்" என்றாள்.

ஸ்ரீநிவாசராகவன் குடையை அவளிடமே விட்டுவிட்டு, அந்த வயதில், மழையில் நனைந்தபடி தெருமுனைக்கு ஓடினார், ஆட்டோவை நிறுத்த.

ஆட்டோவில் ஏறியதும் அவள் போன் செய்தாள். அடித்து நின்றது. மறுபடியும் செய்தாள். அதுவும் நின்றது. மறுபடியும்.

எடுத்தான்.

"உமேஷ், மூடி மாறிப்போச்சுப்பா. நீ குடுத்தது என்னோடது இல்ல."

மழை இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது. "சரியாத்தானே மூடுச்சுக்கா."

"இல்லப்பா, சேரவே மாட்டேங்குது. என் மூடி உன் வீட்லதான் இருக்கு. வாங்கிக்க வந்துட்டிருக்கேன், சாரும் கூட வர்றாரு. போனை வைக்காத. நான் வந்து கதவைத் தட்டுவேன், நீ திறக்கணும்."

அவன் போனை வைக்கவில்லை.

ஆட்டோ முடிச்சூர் சாலையில் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. வகுப்பில் பிள்ளைகளிடம் ஒரு சின்னப் பொய்யைக்கூடப் பொறுக்காத தபீதாள், மடியிலிருந்த டப்பாவைக் குனிந்து மூடினாள்.

மூடி இம்மியும் பிசகாமல் பொருந்தியது.