சிவப்பு ஒயர்

"ஏம்மா, இதைத்தானா குடும்ப வாட்ஸ்அப் குழுவுல அவ்வளவு பீத்திக்கிட்டே?"

காதைச் சாய்த்துக் கேட்ட அண்ணன் உதட்டைப் பிதுக்கினான். தங்கைக்கு முகம் தொங்கிப்போனது.

தப்பு அவள் மேல்தான். மைக் செட் வாடகைக்கு விடுவதே தொழிலாக இருப்பவனிடம் போய், 'என் வீட்டுக்காரர் ஆம்ப்ளிஃபயரும் ரெண்டு ஸ்பீக்கரும் வாங்கித் தன் கையாலேயே மாட்டிட்டாரு. உன் செட்டெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது' என்று வாயை விட்டிருந்தாள். சும்மா இருப்பானா? ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து குதித்துவிட்டான்.

"பாட்டா இது? தகர டப்பாவுக்குள்ள வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. நான் ஓரங்கட்டி வெச்ச பெட்டிகூட இதைவிட நல்லாப் பாடும், மாப்பிள்ளை."

"எங்க காதுக்கு இது போதும் மச்சான்," என்று சிரித்தான் அவள் கணவன். "வாங்க, டீ ஆறுது."

"டீ எங்கயும் ஓடிடாது."

தரையில் படுத்து, போன் வெளிச்சத்தை அடித்து, ஒரு ஸ்பீக்கருக்குப் பின்னால் தலையை நுழைத்தான் அண்ணன். அங்கிருந்தே சிரிப்பு வெடித்தது.

"பாப்பா, இங்க வந்து கூத்தைப் பாரு! இந்த ஒண்ணுல மட்டும் சிவப்புல போக வேண்டிய ஒயர் கறுப்புல, கறுப்பு சிவப்புல! ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கும். அப்புறம் டும்முனு அடி எங்கேருந்து வரும்? கலர் தெரிஞ்ச குழந்தைகூடச் சரியா மாட்டுமே!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, நாலு நாளா புத்தகத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, இதைத்தான் படிச்சீங்களா?"

கணவன் தலையைச் சொறிந்தான். "இருக்கட்டும் மச்சான். சாயங்காலம் நானே மாத்திக்கறேன்."

"நீங்க மாத்தினீங்க, நான் கேட்டேன்!"

ஒயரைப் பிடுங்கிச் சரியான இடத்தில் சொருகி, சத்தத்தை ஏற்றினான் அண்ணன்.

டும்! டும்! அலமாரியில் டம்ளர்கள் ஆடின. கோபத்தில் நின்றவளுக்கே கால் தானாகத் தாளம் போட்டது. இத்தனை நாளும் இவ்வளவு இசையைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாரே மனுஷன்!

கணவன் மட்டும் அவசரமாகச் சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினான். அண்ணன் அதைத் தட்டிவிட்டான்.

"வெட்கப்படாதீங்க மாப்பிள்ளை. எல்லாருக்கும் எல்லாமும் தெரிஞ்சிடுமா?"

சொன்னதோடு விட்டானா? போனை எடுத்துக் குடும்பக் குழுவுக்குக் குரல் பதிவு பேச ஆரம்பித்தான். "எல்லாரும் கேட்டுக்குங்க! மாப்பிள்ளை மாட்டின லட்சணத்தை நான் வந்துதான் சரி பண்ண வேண்டியிருந்தது..."

இனி பிறந்த வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியுமா? கணவனை எரித்துவிடுவது போலப் பார்த்தாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. திறந்தால், பக்கத்து வீட்டு நர்ஸ். தலை கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு அப்படியே பதிந்திருந்தது.

அண்ணனின் விரல் இன்னும் பதிவுப் பொத்தானை விட்டு எழவில்லை.

"மன்னிச்சுக்கங்க அண்ணா," என்றாள் நர்ஸ், தங்கையின் கணவனைப் பார்த்து. "நைட் டூட்டி முடிச்சு வந்து இப்பதான் கண்ணசந்தேன். நான் தூங்கற நேரத்துல சுவர் அதிரக் கூடாதுன்னு ஒயரை மாத்தியே சொருகி வெச்சிருக்கறதா சொன்னீங்களே... இன்னைக்கு மறந்துபோய்ச் சரியா மாட்டிட்டீங்களா?"