ஒன்பதாவது மாடி விளிம்புல ஒருத்தன்

காலையிலேயே இன்ஜினீயர் பாலகுமாரிடம் சொல்லிவிட்டேன். "சார், வெளிச்சுவர் பூச்சுக்கு பெல்ட் இல்லாம சாரத்துல ஏற மாட்டேன்." முந்தாநாள் என் மச்சான் வழுக்கி, சவுக்குக் கம்பைப் புடிச்சித் தொங்கினதைப் பார்த்தவன் நான்.

"ஏறலன்னா ஊட்டுக்குப் போ" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கட்டடக்கலை படிக்கிற பொண்ணு சிவப்ரியா, சிதம்பரத்திலிருந்து எங்கள் கடலூர் சைட்டைப் பார்க்க வந்து இறங்கியது. என் வெறுந்தலையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தது.

"ஹெல்மெட் எங்க? பெல்ட் எங்க?"

"குடுத்தாலும் போட மாட்டானுங்க மேடம்" என்றார் பாலகுமார், என்னை முறைத்தபடி.

"உயிர்மேல அக்கறையே இல்லியா உங்களுக்கு?" அந்தப் பொண்ணு அண்ணாந்து ஒன்பதாவது மாடியைக் காட்டியது. "அங்க விளிம்புல நிக்கிறாரே, அவரைப் பாருங்க. எல்லாம் போட்டிருக்காரு. அவரும் உங்களை மாதிரி ஆளுதானே?"

போனைத் தூக்கி அவனைப் படம் எடுத்துக்கொண்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவன் பெல்ட்டைக் கழட்டி எங்கிட்ட குடுக்கச் சொல்லும்மா. இப்பவே ஏறுறேன்."

"என்ன மனுஷன் நீங்க? அவரு விழுந்துட்டா?"

"வேற வைக்கோல் அடைச்சிக்கலாம். அது திருஷ்டி பொம்மை. நீ வர்றேன்னு இவருதான் காலையில அதுக்கு எல்லாத்தையும் மாட்டிவுட்டாரு. சைட்டுல இருக்கிறதே அந்த ஒரு பெல்ட்டுதான்."

அந்தப் பொண்ணு பாலகுமாரைத் திரும்பிப் பார்த்தது. அவர் என்னைத்தான் பார்த்தார்.

"பொம்மை மேல கைய வெச்சே, அப்புறம் இருக்கு உனக்கு. கட்டடத்துக்குத் திருஷ்டி பட்டுடும்."