பதினேழாம் நம்பர்

பால்வினை நோய்ப் பரிசோதனை நிலையத்தில் உட்கார்ந்திருந்த மகனுக்கு வியர்த்துக் கொட்டியது. அவன் கையிலிருந்த டோக்கன் நனைந்து நாராகியிருந்தது. பக்கத்தில் அம்மா ஹாயாகக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

டோக்கனைப் பார்த்த நர்ஸ் அவனிடம் வந்தாள். "பயப்படாதீங்க தம்பி. கொஞ்சம் ரத்தம், ஒரு டப்பால யூரின், அவ்வளவுதான். டாக்டர் அந்தரங்கமா நாலு கேள்வி கேப்பாங்க. கூச்சப்படாம பதில் சொல்லணும்."

"தெரிஞ்சவங்க காதுக்குப் போயிடுமா சிஸ்டர்?"

"மூச்! இங்க யாருக்கும் பேரே கிடையாது, நம்பர்தான். ரிசல்ட் நேரா போனுக்கு வந்துடும்."

"அடுத்த மாசம் கல்யாணம்," என்றாள் அம்மா, கட்டங்களிலிருந்து தலையைத் தூக்காமல். "ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்தாதான் கல்யாணம்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். இவனுக்குத்தான் ஒரே வெட்கம்."

நர்ஸ் உருகிப்போனாள். "இப்படி ஒரு அம்மா கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும் தம்பி!"

"பதினேழு!" உள்ளேயிருந்து குரல் வந்தது.

மகன் பதறி எழுந்தான். அம்மா அவன் கையிலிருந்த டோக்கனை உருவிக்கொண்டு, தன் கைப்பையை அவனிடம் திணித்தாள்.

"நீ எங்கடா கிளம்பிட்ட? உட்காரு."

நர்ஸ் விழித்தாள். "அப்போ கல்யாணம்...?"

"எனக்குத்தாம்மா," என்று சொல்லிவிட்டு அம்மா மகன் பக்கம் திரும்பினாள். "பதினாறாம் நம்பர் ரத்தம் குடுத்துட்டு வருவார். ஒரு காப்பி வாங்கிக் குடு. இன்னிக்காவது 'அங்கிள்'னு கூப்பிடாம, வாய் நிறைய 'அப்பா'ன்னு கூப்பிடு."